கூடி நினைவுகூர்தல்

ஆசிரமங்களில் முதிய துறவி ஒருவர் உடலை நீத்தால், சில நாட்களுக்குப் பின் அவர் நினைவாகப் பூஜையும் அன்னதானமும் நடைபெறும். அன்று மாலை, அவருடன் வாழ்ந்தவர்கள் கூடி அமர்ந்து அவரைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒருவர் சொல்லத் தொடங்குவார்; மற்றவர் இடைமறித்து நிறைவு செய்வார்; மூன்றாமவர் சிரிப்பார்; யாரோ ஒருவரின் கண் கலங்கும். மறைந்தவர் நம்மிடையே மீண்டும் வந்து அமர்ந்ததுபோல் ஓர் உணர்வு ஏற்படும்.

சில ஆண்டுகளுக்கு முன், வட இந்தியாவில் நதிக்கரையில் உள்ள ஓர் ஆசிரமத்தில் அத்தகைய மாலை ஒன்றில் நானும் இருந்தேன். மறைந்த பெரிய சுவாமிஜியின் நினைவுகளைத் தொகுத்து ஒரு சிறு நூலாக்கும் பணி எனக்குத் தரப்பட்டிருந்தது. அன்று பலரும் சொன்னது ஒரு நிகழ்ச்சியைத்தான். ஒரு மழைக்காலத்து இரவில் நதி பெருகிக் கரையை உடைத்தது. தாழ்வான பகுதியின் குடிசைவாசிகள் வெளியேற வேண்டியதாயிற்று. அப்போது சுவாமிஜி, யாரும் வந்து கேட்பதற்கு முன்பே கையில் அரிக்கேன் விளக்குடன் மழையில் இறங்கி, வாயிற்கதவைத் தாமே திறந்து, அவர்கள் அனைவரையும் பிரார்த்தனைக் கூடத்திற்குள் அழைத்து வந்தார். இதுதான் நிகழ்ச்சி. நால்வர் சொன்னார்கள், நால்வரும் ஏறக்குறைய ஒரே சொற்களில் சொன்னார்கள்.

நானும் அதை எழுதினேன். எழுதும்போது அந்த விளக்கின் மங்கிய மஞ்சள் ஒளியும், சுவாமிஜியின் நனைந்த காவியுடையும் என் மனக்கண்முன் தெளிவாகத் தெரிந்தன. ‘இன்றும் அக்காட்சி என் கண்ணில் நிற்கிறது’ என்று ஒரு வரியையும் சேர்த்தேன். நூல் அச்சாகி வந்த பிறகு ஒரு நாள், அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் திடுக்கிட்டது. அந்த வெள்ளம் வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே நான் அந்த ஆசிரமத்தில் சேர்ந்தேன்! நான் காணாத ஒன்று எப்படி என் கண்ணில் நின்றது?

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. ஆனால் நான் எழுதியது உண்மையும் அன்று. இந்தச் சிறு தடுமாற்றம் என்னை ஒரு பெரிய கேள்விக்கு இட்டுச் சென்றது: மனிதர்கள் சேர்ந்து நினைவுகூரும்போது நினைவுக்கு என்ன நேர்கிறது? அது வலுவடைகிறதா, திரிபடைகிறதா?

ஸ்மிருதி என்பது என்ன?

நம் முன்னோர் நினைவை மிக நுட்பமாக ஆராய்ந்தவர்கள். பதஞ்சலி முனிவர் சித்த விருத்திகளை ஐந்தாக வகுத்து, அவற்றுள் ஒன்றாக ஸ்மிருதியை வைத்தார். முன்பு அனுபவித்த பொருள் நழுவிப் போகாமல் இருப்பதே ஸ்மிருதி என்பது அவரது கருத்து. நியாய தத்துவ அறிஞர்கள் அறிவை அனுபவம், ஸ்மிருதி என்று இரண்டாகப் பிரித்தார்கள். அனுபவம் மனத்தில் ஒரு பதிவை விட்டுச் செல்கிறது, அதுவே ஸம்ஸ்காரம். அந்த ஸம்ஸ்காரம் விழித்தெழும்போது பிறப்பது ஸ்மிருதி.

அப்படியானால் நினைவை நம்பத்தக்க அறிவாகக் கொள்ளலாமா? இக்கேள்வியில் நம் தரிசனங்கள் ஒத்துப்போகவில்லை. நியாய மரபினர் நினைவைப் பிரமையாக, அதாவது சுதந்திரமான உண்மையறிவாக ஏற்கவில்லை. ஏனெனில் அது தன் காலில் நிற்பதில்லை; பழைய அனுபவத்தின் தோளில் ஏறி நிற்கிறது. மாறாக, சமணத் தத்துவ அறிஞர்கள் ஸ்மிருதியையும் ஒரு பிரமாணமாக ஏற்றார்கள். நினைவை நம்பாவிட்டால் அனுமானத்திற்கே இடமில்லை. புகையையும் நெருப்பையும் சேர்த்துக் கண்ட நினைவு இல்லாமல், புகையைக் கண்டு நெருப்பை எப்படி ஊகிப்பது?

ஸம்ஸ்காரம் தானே விழிப்பதில்லை; அதை எழுப்ப ஏதேனும் ஒன்று வேண்டும். நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இவ்வாறு நினைவை எழுப்பும் காரணங்கள் இருபதுக்கும் மேற்பட்டவற்றை வரிசைப்படுத்துகிறது. மனத்தை ஒருமுகப்படுத்துதல், இடைவிடாப் பயிற்சி, ஒப்புமை, பிரிவு, இன்பம், துன்பம், அச்சம் என்று அப்பட்டியல் நீள்கிறது. அதில் ‘ஏககார்யம்’ என்பதும் ஒன்று. அதாவது, ஒரே வேலையில் ஈடுபட்டவர்களுள் ஒருவரைக் கண்டால் மற்றவர் நினைவுக்கு வருவார். உடன் வாழ்ந்தவர் நம் நினைவை எழுப்பும் கருவியாகிறார் என்ற உண்மை அன்றே அறியப்பட்டிருந்தது.

மேலைநாட்டில் இதை வற்புறுத்தியவர் பிரெஞ்சு சமூகவியல் அறிஞர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ். நாம் தனிமையில் நினைவுகூரும்போதும் குடும்பம், சமயம், ஊர் போன்ற சமூகச் சட்டங்களுக்குள் நின்றே நினைவுகூர்கிறோம் என்று அவர் 1925-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நினைவின் சமூக வேர்களை ஆராய்ந்த அந்த அறிஞர், 1945-இல் நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் உயிர்நீத்தார்.

மூவரின் நினைவு

தனியே நினைவுகூர்வதைவிடச் சேர்ந்து நினைவுகூர்வது மேலானது என்றே நாம் கருதுகிறோம். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துத் தருவார் அல்லவா? இந்த எண்ணத்தை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 1997-இல் மேரி சூசன் வெல்டன், கிரிஸ்டல் பெல்லிஞ்சர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை.

அதன் சாரத்தை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒரே பட்டியலைப் படித்த மூவரைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, நினைவில் உள்ளதை எழுதச் சொல்வோம். இருமுறை வந்தவற்றை ஒன்றாக எண்ணி, மூன்று தாள்களையும் இணைத்துக் கூட்டுவோம். வேறு மூவரை ஒரே அறையில் அமர்த்தி, ஒன்றாகப் பேசி ஒரே பட்டியல் தரச் சொல்வோம். கூடி அமர்ந்த மூவர் தனி ஒருவரைவிட அதிகம் சொல்கிறார்கள், இது எதிர்பார்த்ததே. ஆனால் தனித்தனியே எழுதிய மூவரின் கூட்டுத்தொகையைவிட அவர்கள் குறைவாகவே சொல்கிறார்கள்! இதைக் கூட்டு நினைவுத் தடை என்று கூறலாம்.

ஏன் இப்படி? அதே ஆண்டில் பாஸ்டன் தம்பதியரும் அவர்களது சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒவ்வொரு மனமும் தனக்கென ஒரு வழியில் நினைவுகளை அடுக்கி வைத்திருக்கிறது. ஒருவர் அந்த நிகழ்ச்சியைக் கால வரிசையில் நினைக்கிறார். மற்றொருவர் முகங்களைக் கொண்டு நினைக்கிறார். இன்னொருவர் இடத்தைப் பற்றிக்கொண்டு நினைக்கிறார். கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவரின் நூலிழை அறுந்து போகிறது. பிறருடைய வழியில் நடக்கத் தொடங்கியவர், தம் வழியில் மட்டுமே கிடைக்கக்கூடிய பொருளைத் தவற விடுகிறார்.

சோம்பலோ பொறுப்பின்மையோ மட்டும் இதற்குக் காரணமன்று. அனைவரும் ஆர்வத்துடன் முயன்றாலும் இத்தடை ஏற்படுகிறது. அன்பு மிகுந்த எங்கள் கூட்டத்திலும் அதுவே நிகழ்ந்தது.

பிறர் நினைவு நமதாவது

இரண்டாவது விளைவு இன்னும் நுட்பமானது. கூடிப் பேசும்போது பிறர் கண்டது நாம் கண்டதுபோல் ஆகிவிடுகிறது.

2001-இல் ஹென்றி ரோடிகரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வீட்டுக் காட்சிகள் சிலவற்றைப் பங்கேற்பாளர்களுக்குக் காட்டினார்கள். பின்னர் ஒவ்வொருவரும் வேறொருவருடன் சேர்ந்து, படத்தில் இருந்த பொருட்களை மாறி மாறிச் சொன்னார்கள். அந்த ‘வேறொருவர்’ உண்மையில் ஆய்வாளர்களின் ஆள். படத்தில் இல்லாத சில பொருட்களையும் இடையிடையே சொல்லும்படி அவருக்குக் கூறப்பட்டிருந்தது. பிறகு தனியே நினைவுகூரச் சொன்னபோது, அந்த இல்லாத பொருட்களையும் பலர் தாமே கண்டதாகக் கூறினார்கள். அதுவும் சமையலறையில் டோஸ்டர் போல, அந்த இடத்தில் இருப்பதற்கு இயல்பான பொருளாக இருந்தால் ஏமாற்றம் இன்னும் எளிதாயிற்று.

2003-இல் ஃபியோனா காபர்ட்டும் அவரது சக ஆய்வாளர்களும் செய்த சோதனை நீதிமன்றங்களுக்கே ஓர் எச்சரிக்கை எனலாம். ஒரே நிகழ்ச்சியை இரு வேறு கோணங்களில் படமெடுத்து, இருவருக்கு ஒவ்வொரு கோணத்தைக் காட்டினார்கள். இருவரும் ஒரே படத்தைப் பார்த்ததாக எண்ணிக்கொண்டார்கள். ஒரு கோணத்தில் தெரிந்தது மறு கோணத்தில் தெரியாது. அவர்கள் அதைப் பற்றிப் பேசிய பின் தனித்தனியே சாட்சியம் கேட்கப்பட்டது. பேசியவர்களில் 71 சதவீதத்தினர், தாம் கண்டிருக்கவே முடியாத, பேச்சில் கேட்ட செய்தியைத் தம் சாட்சியத்தில் சேர்த்துச் சொன்னார்கள்.

காரணம் என்ன? நம் மனம் செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்ற முகவரியை எளிதில் தொலைத்துவிடுகிறது. நம் தத்துவ மொழியில் சொன்னால், சப்தத்தால் வந்தது பிரத்யட்சத்தின் ஆடையை உடுத்திக்கொள்கிறது. கேட்டது கண்டதாகிறது. அந்த அரிக்கேன் விளக்கின் ஒளி என் கண்ணில் நின்ற இரகசியம் இதுதான். நால்வர் சொல்லக் கேட்டேன். சுவாமிஜியின் முகத்தை நான் நன்கறிவேன். அந்த வாயிலையும் அறிவேன். மனம் இவற்றைச் சேர்த்து ஒரு காட்சியைத் தீட்டி, ‘இது நீ கண்டது’ என்று என் கையில் கொடுத்துவிட்டது.

கேம்பிரிட்ஜ் உளவியல் அறிஞர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட தம் நூலில் இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டியிருந்தார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஒருவர் படித்து நினைவிலிருந்து எழுத, அதை மற்றவர் படித்து எழுத, இவ்வாறு அது கைமாறிச் சென்றது. செல்லச் செல்லக் கதை சுருங்கியது. விளங்காத பகுதிகள் உதிர்ந்தன. அவர்களுக்குப் பழக்கமில்லாத தோணி சாதாரணப் படகாயிற்று. கேட்பவர்களுக்கு எது இயல்பாகத் தோன்றுமோ அதை நோக்கியே கதை நகர்ந்தது. மகான்களைப் பற்றிய கதைகளில், ‘ஒரு மகான் இப்படித்தான் நடந்திருப்பார்’ என்ற நம் எதிர்பார்ப்பே அந்த இயல்பான திசை.

பேசப்படாதது மறைகிறது

மூன்றாவது விளைவைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 2007-இல் அலெக்சாண்ட்ரு குக், ஜோனதன் கோப்பெல், வில்லியம் ஹிர்ஸ்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அதைப் பற்றியது. ஒருவர் ஒரு செய்தியின் சில பகுதிகளை மட்டும் எடுத்துச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லாமல் விட்ட, ஆனால் சொன்னவற்றோடு தொடர்புடைய பகுதிகள் அவருக்கு மறக்கத் தொடங்குகின்றன. வியப்பு என்னவென்றால், வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அதே பகுதிகள் மங்குகின்றன. முற்றிலும் தொடர்பில்லாத செய்திகள்கூட அவ்வளவு மங்குவதில்லை.

வயலில் ஒரே வரப்பின்மீது பலர் நடந்தால் அது பாதையாகிறது. அருகே இருந்த ஒற்றையடித் தடம் புல் மூடிப் போகிறது. அதுபோல, ஒரு நிகழ்ச்சியின் ஒரு பக்கத்தையே மீண்டும் மீண்டும் சொல்லும்போது அதன் மறுபக்கத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அது தானே மூடிக்கொள்ளும். குடும்பங்களிலும் நிறுவனங்களிலும் நாடுகளிலும் மறதி பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. யாரும் பொய் சொல்வதில்லை. சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறோம், அவ்வளவுதான்.

கூடுவதன் நன்மை

இவ்வளவையும் படித்த அன்பர், ‘அப்படியானால் யாரோடும் சேர்ந்து நினைவுகூரவே கூடாதா?’ என்று கேட்கக்கூடும். அது சரியான முடிவாகாது.

முதலாவதாக, கூட்டம் பிழைகளையும் களைகிறது. ஒருவர் தவறாகச் சொன்னால் மற்றவர் திருத்துகிறார். கூடிப் பேசிய பின் தனியே நினைவுகூரும்போது, பிறர் வாயிலாகக் கேட்டதால் ஒவ்வொருவரிடமும் நினைவு பெருகியிருப்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டாவதாக, நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடையே நினைவு பங்கிடப்பட்டிருக்கிறது. உறவினர் வீட்டு விசேஷங்கள் மனைவியின் நினைவில். நிலப்பத்திரம் பற்றிய விவரங்கள் கணவரின் நினைவில். எது யாரிடம் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். இதை ஆராய்ந்த டேனியல் வெக்னர் குழுவினர் 1991-இல் ஒரு சுவையான முடிவை வெளியிட்டார்கள். தம் இயல்பில் விடப்பட்டபோது, பழகிய இணைகள் முன்பின் அறியாத இருவரைவிட அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ‘நீ இதை நினைவில் வை, அவர் அதை நினைவில் வைக்கட்டும்’ என்று வெளியிலிருந்து ஒரு பங்கீடு திணிக்கப்பட்டபோது, பழகிய இணைகளே பின்தங்கினார்கள். அவர்களிடையே ஏற்கெனவே வளர்ந்திருந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. துணையை இழந்த முதியவர் ஒருவர் தம் வாழ்வின் ஒரு பகுதியே தொலைந்துபோனதாகக் கூறுவதில் எவ்வளவு உண்மை இருக்கிறது!

மூன்றாவதாக, தேர்ச்சி பெற்றவர்களின் கூட்டம் வேறுவிதமானது. 2009-இல் மிஷெல் மீட் குழுவினர் விமானப் பயணம் தொடர்பான சூழல்களை விமானிகளுக்கும் அத்துறை அறியாதவர்களுக்கும் கொடுத்து நினைவுகூரச் செய்தார்கள். மற்றவர்கள் சேர்ந்தபோது தடைப்பட்டார்கள். தேர்ந்த விமானிகளோ சேர்ந்தபோது சிறந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்று, திருப்பிச் சொல்லி, அதன்மேல் தொடர்ந்து கட்டிச் செல்லும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. செவிமடுக்கும் பயிற்சியே அவர்களைக் காத்தது.

நம் நாடு கண்ட இரு வழிகள்

எழுத்தின் துணையின்றிப் பெரும் நூல்களைக் காத்த நாடு இது. அதற்கு நம் முன்னோர் கண்ட வழிகளை இந்த ஆய்வுகளின் ஒளியில் பார்த்தால் அவற்றின் அருமை விளங்கும்.

ஒன்று வேத அத்யயனம். மாணவர்கள் அனைவரும் ஒரே ஆசானிடம், ஒரே வரிசையில், ஒரே ஸ்வரத்தில் கற்கிறார்கள். ஒரே முறையில் கற்றவர்களிடம் கூட்டு நினைவுத் தடை குறைகிறது என்பதை இன்றைய ஆய்வுகளும் கூறுகின்றன. ஏனெனில் ஒருவரின் வழி மற்றவரின் வழியைக் குலைப்பதில்லை. அதோடு நில்லாமல் பதம், க்ரமம், ஜடை, கனம் என்ற பாட முறைகளையும் வகுத்தார்கள். ஜடையில் இரு சொற்களை நேராகவும், திருப்பியும், மீண்டும் நேராகவும் ஓதுகிறார்கள். கன பாடத்தில் மூன்றாம் சொல்லும் சேர்ந்து இப்பின்னல் மேலும் இறுகுகிறது. இதில் ஒரு சொல் இடம் மாறினாலும் உடன் ஓதுபவரின் காதில் அது உடனே உறுத்தும். கூட்டம் இங்கே திரிபின் வாயிலாக இல்லை. திரிபைத் தடுக்கும் வேலியாக நிற்கிறது. யுனெஸ்கோ 2003-இல் வேதம் ஓதும் மரபை மனிதகுலத்தின் அரிய பாரம்பரியமாக அறிவித்தது.

மற்றொன்று பௌத்த சங்கீதி. சேர்ந்து ஓதுதல் என்பதே அச்சொல்லின் பொருள். புத்தர் பரிநிர்வாணம் அடைந்தபின் ஐந்நூறு பிக்குகள் ராஜகிருகத்தில் கூடினார்கள் என்று விநய பிடகம் கூறுகிறது. மகாகாசியபர் வினவினார், விநயத்தை உபாலியும், உபதேசங்களை ஆனந்தரும் எடுத்துரைத்தார்கள். எங்கே உரைக்கப்பட்டது, யாரைக் குறித்து உரைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் மூலம் கேட்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். செய்தியோடு அதன் முகவரியையும் காத்தார்கள். வினவுதலும் விடையளித்தலுமாகிய இதே முறை, 1954 முதல் 1956 வரை ரங்கூனில் நடைபெற்ற ஆறாவது சங்கீதியிலும் பின்பற்றப்பட்டது. அங்கு மகாசி சயாடோ வினவ, பிடகங்களை மனப்பாடமாகக் கொண்டிருந்த மிங்குன் சயாடோ விடையளித்தார்.

ராஜகிருக நிகழ்ச்சியில் ஒரு சிறு பகுதி என் மனத்தை மிகவும் கவர்ந்தது. சபை முடிந்தபின், தெற்கு மலைப் பகுதியிலிருந்து புராணர் என்ற தேரர் தம் சீடர்களுடன் அங்கு வந்தார். மூத்தோர் ஓதி உறுதிசெய்ததை நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் அவர்களைப் பழிக்கவில்லை. நன்றாகவே ஓதியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். ஆயினும், பகவானின் வாயிலிருந்து நேரில் தாம் கேட்டதை, கேட்டவாறே தாம் காத்துக்கொள்ளப் போவதாகப் பணிவுடன் கூறினார். ஐந்நூறு பேருடைய முடிவுக்கு எதிரே நின்ற அந்த ஒற்றைக் குரலை அவர்கள் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, தம் நூலிலேயே பதிவு செய்து வைத்தார்கள். கூடி நினைவுகூர்வோரின் நேர்மைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

சமையற்கூடத்திலிருந்து ஒரு குரல்

இனி, தொடங்கிய இடத்திற்குத் திரும்புவோம். என் பிழையை உணர்ந்த பின், அந்த வெள்ளத்தின்போது உண்மையில் ஆசிரமத்தில் இருந்தவர்கள் யார் என்று விசாரித்தேன். நினைவு மாலையில் பேசிய நால்வரில் ஒருவர் மட்டுமே அன்று அங்கிருந்தவர். அவரும் பின்கட்டில் மாணவர் விடுதியைக் கவனித்துக்கொண்டிருந்தார். வாயிலருகே இருந்தவர் இன்னொருவர். அவர் ஆசிரமத்தின் முதிய சமையற்காரர். நினைவு மாலையில் அவரும் ஒரு தூணருகே அமர்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

ஒரு பிற்பகல் அவரிடம் சென்று கேட்டேன். அவர் நெடுநேரம் தயங்கினார். பிறகு சொன்னார்: “சுவாமி, கதவு முதலில் திறக்கப்படவில்லை.”

விடுதிப் பிள்ளைகளுக்கு வந்திருந்த அரிசி மூட்டைகள் அனைத்தும் அன்று பிரார்த்தனைக் கூடத்தில்தான் அடுக்கப்பட்டிருந்தன. கூட்டம் உள்ளே புகுந்தால் அவை பாழாகும், அடுத்த மாதம் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள் என்று சுவாமிஜி அஞ்சினார். பொழுது விடியும் வரை கதவைத் திறக்க வேண்டாம் என்று உத்தரவிட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் மக்கள் மழையில் நின்றார்கள். பிறகு ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. சுவாமிஜி விளக்கை எடுத்துக்கொண்டு தாமே ஓடி வந்தார், கதவைத் திறந்தார், முதலில் உள்ளே வந்த ஒரு மூதாட்டியின் காலில் விழுந்தார்.

“இதை ஏன் அன்று சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“பெரியவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள், சுவாமி. கேட்கக் கேட்க, நான் பார்த்ததில்தான் தவறோ என்று எனக்கே தோன்றிவிட்டது.”

அந்தப் பதில் இன்றும் என்னைச் சுடுகிறது. எங்கள் அன்பு மிகுந்த கூட்டம், நேரில் கண்ட ஒரே மனிதரைத் தம் கண்ணையே ஐயுறச் செய்துவிட்டது.

ஆயினும் ஒருவருடைய நினைவு என்பதாலேயே அது பிழையற்றது என்று கொள்ள முடியாது. எனவே அவருடைய சம்மதத்துடன், மற்றத் துறவியரிடம் இதைச் சொல்லாமல், ‘சுவாமிஜியின் மழைக்கால வழக்கங்கள் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைத் தனியே எழுதித் தாருங்கள்’ என்று மட்டும் கேட்டேன். ஒருவர், ஆண்டில் ஒரு நாள் மழைக்காலத்தில் சுவாமிஜி இரவு உணவு கொள்ளமாட்டார் என்று எழுதினார். மற்றொருவர், அரிசியை ஒருபோதும் பிரார்த்தனைக் கூடத்தில் வைக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகக் கூறியதை எழுதினார். மூன்றாமவர், இரவில் வாயிற்கதவைப் பூட்டியபின் சாவியை அவர் தம் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டதை எழுதினார். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. அதன் பொருள் யாருக்கும் தெரியவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு மீண்டும் கூடி அமர்ந்தோம். இம்முறை சமையற்காரரே முதலில் பேசினார். அவர் முடித்தபோது யாரும் வெகுநேரம் பேசவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது முன்னைவிடப் பெரிய சுவாமிஜி. கதவைத் திறந்தே பிறந்த ஒரு மகானை நம்மால் வணங்க மட்டுமே முடியும். அச்சத்தால் கதவை மூடி, அது தவறு என உணர்ந்த கணத்திலேயே ஓடிச் சென்று திறந்து, தாழ்ந்து பணிந்து, பின்னர் ஆண்டுதோறும் யாருக்கும் சொல்லாமல் அதை நினைத்து நோன்பிருந்த மனிதரை நம்மால் பின்பற்றவும் முடியும். அந்தப் பாடத்தை நாங்கள் ஏறக்குறைய இழந்தே விட்டிருந்தோம். நூலின் இரண்டாம் பதிப்பில் சமையற்காரரின் கூற்று அவர் சொன்னபடியே இடம்பெற்றது. ‘இன்றும் அக்காட்சி என் கண்ணில் நிற்கிறது’ என்ற என் வரி நீக்கப்பட்டது.

பயிற்சிக்குச் சில குறிப்புகள்

குடும்பத்திலோ, சத்சங்கத்திலோ, பணியிடத்திலோ கடந்த ஒன்றைக் கூடி நினைவுகூர நேரும்போது கீழ்க்கண்டவற்றைப் பின்பற்றலாம்.

1. முதலில் தனித்தனியே எழுதுங்கள், பிறகு கூடுங்கள். உங்கள் வழியில் மட்டும் கிடைக்கக்கூடியது இழக்கப்படாமல் இருக்கும்.

2. கூட்டத்தில் வயதிலோ பதவியிலோ இளையவரை, அதிகம் பேசாதவரை முதலில் பேசச் செய்யுங்கள். பெரியவர் பேசியபின் அவரது பாதையிலேயே அனைவரும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

3. ‘கண்டேன்’, ‘கேட்டேன்’, ‘இப்படி இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்’ ஆகிய மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழகுங்கள். இது உண்மை என்ற விரதத்தின் ஒரு நுட்பமான அங்கம்.

4. ஒருவர் மாறுபட்டுச் சொன்னால் உடனே திருத்த முற்படாதீர்கள். இரண்டையும் குறித்து வையுங்கள். புராணரின் குரலுக்கு இடமளித்த அந்தச் சபையை எண்ணிப் பாருங்கள்.

5. நாம் வழக்கமாகச் சொல்லாமல் விடும் பகுதி எது என்று அவ்வப்போது நம்மையே கேட்டுக்கொள்வோம்.

நினைவின் நாசத்திலிருந்து புத்தியின் நாசம் விளைகிறது என்று கீதை எச்சரிக்கிறது. அங்கே அந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் இருப்பது பற்று. நாம் போற்றுகின்ற ஒருவரிடம் கொண்ட பற்றுகூட நம் நினைவை மறைக்கக்கூடும். நாம் நேசிப்பவர்களை அவர்கள் இருந்தபடியே நினைவில் வைத்திருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் பூஜை. அந்தப் பூஜையில் தூணருகே மௌனமாக அமர்ந்திருப்பவருக்கும் ஒரு மலர் உண்டு. அதை அவர் கையிலிருந்து கேட்டுப் பெறுவது நம் கடமை.